பேச்சி சாப்பிட்டால் போதும்

அக்டோபர் இருபத்திமூன்றாம் தேதி சனிக்கிழமை மத்தியானம், மாதம் முடிய இன்னும் எட்டு நாள் கிடக்கிறது, ஒன்பதாம் நம்பர் அறையில் நாலு பேரிடமும் சேர்த்து நூற்றுப்பத்து ரூபாய்தான் மிச்சம் என்கிற நிலையில், பேச்சியம்மாள் கீழே மெஸ்ஸுக்குப் போய் மூன்று கரண்டி சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டாள். மேலே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த மற்ற மூன்று பேருக்கும் வயிறு நிறைந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியின் ஹாஸ்டல் அது. மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதம் பூராவும் ஆன செலவை, அரிசி, பருப்பு, கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட தலைகளால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று ஒன்றாம் தேதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்கள். ஊருக்குப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்த நாட்களின் பில் கழியும். அதற்கு மெஸ் கட் என்று பெயர். கையில் காசு தீர்ந்த பிள்ளைகள் ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கும் காசு இல்லாததால் அறைக்குள்ளேயே ஒளிந்து கிடப்பது அங்கே வழக்கமாக நடப்பதுதான். நாலு பேரும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தால் சந்தேகம் வரும் என்று ஒன்பதாம் அறைக்காரர்கள் சீட்டுப் போட்டதில், சாப்பிடப் போகிறவள் பேச்சி என்று வந்தது. மற்ற மூன்று பேரும் தங்கள் தட்டுகளை யார் கண்ணிலும் படாமல் பேச்சியின் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்கள். துப்பட்டாவில் மறைத்துக் கொஞ்சம் சோறு கொண்டுவருவது என்றுதான் பேச்சு. ஆனால் தலைமைச் சமையல்காரி தங்கபுஷ்பம் அன்றைக்கு மெஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்ததால் பேச்சி வெறுங்கையோடு மாடி ஏறி வந்தாள்.

"ஏட்டி, ஒண்ணும் கொண்டார முடியல. அக்கா வாசல்லயே நிக்கா," என்றாள்.

"வேண்டாம். எங்களுக்கு வயிறு நெறஞ்சிட்டு," என்றாள் ஜெசிந்தா. அவள் உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவள்.

"நக்கலா?"

"நெசமாத்தான். கத்திரிக்காக் கொழம்புதானே? ஏப்பம் வருதுல்லா."

ரிஸ்வானா எழுந்து உட்கார்ந்து தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, உப்புக் கொஞ்சம் கம்மி என்றாள். சுடர்க்கொடி ஏற்கெனவே தூங்கிப்போயிருந்தாள். பசியோடு படுத்தவள் தூங்குகிற தூக்கம் அல்ல அது. மறுநாள் ரிஸ்வானா தன் தட்டை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்ததும் அவளுக்கு மட்டும் பசித்தது. திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளியதும் அடங்கியது. இப்படித்தான் அது தட்டால் வருகிற காரியம் என்று தெரிந்தது. ஏன், எதனால் என்று நாலு பேரில் ஒருத்தியும் கேட்டுக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் அதையெல்லாம் யோசிக்கிற தெம்பு யாருக்கும் இல்லை.

பேச்சிக்கு ஆலங்குளத்துக்குத் தெற்கே ஒரு ஊர். அப்பா கிடையாது. அம்மா முப்பிடாதி பீடி சுற்றி மாதம் மூவாயிரம் அனுப்புவாள். மெஸ் பில் இரண்டாயிரத்து அறுநூறு போனால் மிச்சம் நானூறு. அந்த நானூறில் ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ், நாப்கின், தலைக்கு எண்ணெய், எப்போதாவது ஒரு காய்ச்சல் மாத்திரை. வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள்தான், வரவும் செலவும் எப்படிச் சமன் செய்வது என்று பரீட்சையில் பத்து மார்க்குக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள்தான், ஆனாலும் அந்த நானூறை எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் இருபதாம் தேதிக்கு மேல் அது நீளவில்லை. மற்ற மூன்று பேருக்கும் இதே கதைதான். ஆகவே நவம்பர் மாதம் முழுவதற்கும் மூன்று பேரும், வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பேச்சி மட்டும் சாப்பிட்டாள். அவளுடைய பில்லை நாலாகப் பங்கிட்டு ஆளுக்கு அறுநூற்றைம்பது என்று எடுத்து வைத்தார்கள்.

அந்த மாதம் அவர்கள் கையில் காசு இருந்தது. பிளஸ் டூவிலிருந்தே போர்டு மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்த ஜெசிந்தா கண்ணாடி போட்டுக்கொண்டாள். ரிஸ்வானா இரண்டு அரியர் பேப்பருக்குப் பணம் கட்டினாள். சுடர்க்கொடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். பேச்சி ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள், மீதியை அடுத்த வருடப் பரீட்சைக் கட்டணத்துக்கு என்று எடுத்து வைத்தாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டால் நாலு வயிறு நிறைந்தது. அவ்வளவுதான் வேலை.

ஹாஸ்டலில் எந்தச் சேதியும் ஒரு சுவருக்குள் நிற்காது. முதலில் எட்டாம் அறைக்காரர்கள் வந்தார்கள். "எங்களயும் சேத்துக்கிடேன் பேச்சி, நாலு தட்டுதானே," என்றார்கள். பிறகு பன்னிரண்டாம் அறை. பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்த பெரிய அறைக்காரர்கள் பதினாறு பேர் தட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். சாப்பிடுகிற தலை குறையக் குறைய கேஸும் சம்பளமும் மிச்சமிருந்த தலைகளின் மேல் விழுந்தன. நவம்பர் பில் மூவாயிரத்து இருநூறு என்று போர்டில் ஒட்டியதும் அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். பேர் வெட்டிய தட்டு, ஓரம் நெளிந்த தட்டு, தாய்மாமன் சீராக வந்த தட்டு, பரிசாக ஏதோ நகைக்கடை கொடுத்த தட்டு என்று டிசம்பர் நடுவில் நூற்றுப்பத்துத் தட்டுகள் சேர்ந்தன. கட்டிலுக்கு அடியில் இடம் போதாமல் நாலு கால்களுக்கும் செங்கல் அடுக்கி உயர்த்தினார்கள். பேச்சி ஸ்டூல் போட்டு ஏறித்தான் படுத்தாள்.

ஹாஸ்டலை மேற்பார்வை பார்க்கிற சுகிர்தா மேடம் ஒரு சாயங்காலம் அறைச் சோதனைக்கு வந்தபோது கட்டிலைப் பார்த்து நின்றார்.

"இதெல்லாம் என்ன?"

"தட்டு மேடம்," என்றாள் பேச்சி.

"அது தெரியுது. எல்லாருக்கும் நீதான் சாப்பிடுறியா?"

"ஆமா மேடம்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன் மேடம். வெயிட் கூடல, கொறையவும் இல்லன்னு சொன்னாங்க. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க."

மேடம் குனிந்து தட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஹாஸ்டல் விதிமுறைப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை வந்தது. ஒருவர் உண்டு பிறர் பசியாறும் மாணவியர் அதற்கான படிவத்தைப் பெற்றோர் கையொப்பத்துடன் அளிக்க வேண்டும். தட்டுகளில் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். சிறப்பு ஏற்பாட்டுக் கட்டணமாக மாதம் நூறு ரூபாய் செலுத்த வேண்டும். உண்பவர் நேரம் தவறக் கூடாது. ஜனவரி முதல் வாரத்தில் ஒருநாள் மேடமே செய்தித்தாளில் சுற்றி ஒரு தட்டைக் கொண்டுவந்து, நின்றபடியே நீட்டினார். அவர் தொகுப்பூதியத்தில் இருப்பவர், மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சி தட்டை வாங்கி மற்றவற்றோடு வைத்தாள்.

மெஸ்ஸில் ஆறு பேர் வேலை செய்த இடத்தில் நாலு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தங்கபுஷ்பமும் பாத்திரம் கழுவ ஓர் அம்மாளும் மட்டும் மிஞ்சினார்கள். தங்கபுஷ்பம் மாத்திரம் தன் தட்டைத் தரவில்லை. "நான் ஆக்குத சோத்த நானே திங்கேன்," என்று சொல்லிவிட்டாள்.

இப்படியாகப் பேச்சி சாப்பிட்டாள். காலையில் ஏழு மணிக்கு உட்கார்ந்து ஒன்பது மணிவரை இட்லி, மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை சோறு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை சப்பாத்தியோ உப்புமாவோ. நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு ஆள் சாப்பாடு போதுமானதாக இருந்தது என்றாலும், அதையும் ஒருத்தி கை எடுத்து ஒருத்தி வாய் மென்று ஒருத்தி தொண்டைதான் இறக்க வேண்டியிருந்தது. நூறு பேர் உட்காரும் கூடத்தில் ஒற்றை விளக்குக்குக் கீழே ஒருத்தி உட்கார்ந்து, பிசைந்து, உருட்டி, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி பிசைந்து, பரீட்சை அன்றும் சாப்பிட்டாள், தலைவலி அன்றும் சாப்பிட்டாள், வகுப்பில் முதல் மணிப் பாடமும் மத்தியான முதல் பாடமும் அவளுக்கு இல்லாமலே போயின, வலது கைத் தோல் எப்போதும் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தது. மற்றவர்கள் அவளைத் தாங்கினார்கள் என்றே சொல்ல வேண்டும். அவள் துணியைத் துவைத்துப் போட்டார்கள், ரெக்கார்டு எழுதிக் கொடுத்தார்கள், தலை பின்னிவிட்டார்கள், வருகைப் பதிவேட்டில் அவளுக்காகக் குரல் கொடுத்தார்கள். ஆனால் யாராவது அவளைப் பார்த்து நல்லா இருக்கியா என்று கேட்டால், சாப்பிட்டியா என்றுதான் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

பசி என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்துவிட்டது. அது நூற்றுப் பன்னிரண்டு பங்காகி, ஒரு பங்கில் ஒன்றும் தெரியாமல் போயிற்று. உடம்பு அசதியாக மட்டும் இருந்தது. படுத்தால் தீராத அசதி.

பொங்கல் லீவுக்கு எல்லோரும் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அது வேண்டுமே. அங்கேதான் பேச்சு வாக்கில் சேதி வெளியே வந்தது. இப்போதெல்லாம் மெஸ் பில் பெரிசாக இல்லை என்று ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ சமர்த்தாகச் சேர்த்து வைத்ததைச் சொல்வதுபோலச் சொல்ல, ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவோ அண்ணனோ மனதுக்குள் கழித்துப் பார்த்தார்கள். பிப்ரவரி மாதம் எல்லோருக்கும் பணம் குறைந்து வந்தது. ரிஸ்வானாவின் வாப்பா அக்கா நிக்காஹுக்கு வாங்கிய கடனுக்கு அந்தத் தொகையைத் திருப்பிவிட்டார். ஜெசிந்தா வீட்டில் வலை வாங்கினார்கள். சுடர்க்கொடியின் அண்ணன் கம்ப்யூட்டர் வகுப்பை நிறுத்தச் சொன்னான். பிப்ரவரி இருபதாம் தேதிக்கு ஒன்பதாம் அறையில் மறுபடி நூற்றுச் சொச்சம்தான் இருந்தது, அதே பழைய நூற்றுச் சொச்சம், ஒரே வித்தியாசம் இப்போது அவர்கள் சாப்பிடுவதும் இல்லை. தட்டைத் திருப்பி எடுக்கலாம் என்றால் பில் கட்டப் பணம் வராது. வைத்திருந்தாலோ வாயில் ருசி என்று ஒன்று கிடையாது, வயிறு மட்டும் கல்லுப்போல நிறைந்து நிற்கும்.

"நாம அப்பவே வீட்டுல சொல்லிருக்கப்புடாது," என்றாள் ரிஸ்வானா.

"சொல்லாட்டியும் கண்டுபிடிச்சிருப்பாவ," என்றாள் ஜெசிந்தா.

பேச்சிக்கு மட்டும் பணம் குறையவில்லை, கூடிற்று. அதற்குக் காரணம் வேறு. பொங்கலுக்கு வீட்டில் இருந்த ஐந்து நாளும் அவள் அம்மாவைக் கவனித்தாள். முப்பிடாதி சுளகை மடியில் வைத்துக் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டிக்கொண்டே இருப்பாள். மகளுக்குச் சோறு போட்டுவிட்டு, எனக்கு வயிறு சரியில்லை, நீ தின்னு என்பாள். ஐந்து நாளும் வயிறு சரியில்லை. கிளம்புகிற அன்றைக்கு அம்மா வெளியே போயிருந்த நேரத்தில், விளிம்பில் முப்பிடாதி என்று வெட்டியிருந்த அவளுடைய ஒரே தட்டை எடுத்துப் பேச்சி பையில் வைத்துக்கொண்டாள். ஹாஸ்டலுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் எல்லாத் தட்டுக்கும் மேலே அதை வைத்தாள். அதன் பிறகு அவள் மற்றவர்களைவிட ஒரு கவளமாவது கூடச் சாப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

நாலு நாளில் அம்மா போன் பண்ணினாள். "ஏட்டி, என் தட்டப் பாத்தியா? காணோம்."

"இல்லம்மா. அங்கன எங்கயாச்சும் கெடக்கும்."

"அதான் தேடுதேன். எனக்கு இப்பல்லாம் பசியே எடுக்கல கேட்டியா. காலைல எந்திரிச்சா வயிறு திம்முன்னு இருக்கு. சாம்பார் வாசமா ஏப்பம் வருது. நான் சாம்பார் வச்சி எம்புட்டு நாளாச்சு."

"நல்லதுதானேம்மா."

"நல்லதுதான். அடுப்புகிட்ட போற நேரம் மிச்சம். இருநூறு பீடி கூடச் சுத்துதேன்."

அந்த மாதம் அம்மா மூவாயிரத்து நானூறு அனுப்பினாள். பேச்சிக்கு அதைப் பார்த்துச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். மணி அடித்ததும் இறங்கிச் சாப்பிடப் போனாள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் முப்பிடாதி வந்து நின்றாள். சாம்பார் ஏப்பம் இரண்டு மாதமாக விடவில்லை, அதோடு செவ்வாய்க்கிழமை தோறும் கொண்டைக்கடலை ஏப்பம் வருகிறது, ஹாஸ்டலில் செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலை என்று மகள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பார்வையாளர் கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், முடிய நேரமாகும் என்றார்கள். எழுந்து தானே மெஸ்ஸைத் தேடிப் போனாள், தடுக்க அங்கே யாரும் இல்லை.

பேச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். "இரு ஏட்டி, தின்னு," என்று சொல்லிவிட்டு முப்பிடாதி எதிரே உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் வந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், போனாள். மறுபடி வந்தாள், போட்டாள், போனாள். முப்பிடாதி முதலில் கரண்டியை எண்ணினாள், பிறகு விட்டுவிட்டாள். சோறு உள்ளே போகப் போகத் தன் வயிறும் நிறைந்துகொண்டு வருவதை அவள் உணர்ந்தாள். அப்படியே கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"எப்ப போதும்னு தெரியும் ஒனக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. ரெண்டரைக்கு மணி அடிப்பாவ."

"என் தட்டு எங்க?"

பேச்சி ரசத்துக்குச் சோற்றில் குழி செய்தாள்.

"எடுத்துக் குடுத்துரு."

"குடுக்க மாட்டேன். குடுத்தா நீ சாப்பிட மாட்ட."

"நான் சாப்பிடுவேன்."

"பொய் சொல்லுத. அஞ்சு நாளு பாத்தேம்லா. எனக்கு வயிறு சரியில்லன்னு சொல்லி ராத்திரி தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தியே."

"அது எம்பாடு. என் கையால அள்ளித் தின்னாலும் திங்காட்டியும் அது எம்பாடு. நீ இங்க இருந்து எனக்குத் திங்கணும்னு உன்னிய நான் படிக்க அனுப்பல."

"இத்தன பேருக்குத் திங்கேன். ஒனக்குத் திங்கதுல என்ன வந்துச்சு?"

 முப்பிடாதி மகளுடைய கையை எடுத்து, ஊறி வெளுத்த விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். பீடிக் கத்தரி பட்டுக் காய்த்த தன் விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். "என் கை மாதிரி ஆயிட்டு ஏட்டி," என்றாள்.  தங்கபுஷ்பம் அடுத்த கரண்டிச் சோறோடு வந்து நின்றவள், போடாமல் திரும்பிப் போனாள்.

நாலு மணி பஸ்ஸுக்கு அம்மாவை ஏற்றிவிடப் பேச்சி போனாள். அம்மாவின் துணிப்பையில் தட்டு இருந்தது. பஸ் கிளம்பும்போது முப்பிடாதி ஜன்னலில் தலையை நீட்டி, "சாப்பிடுவேன், என்னிய நம்பு," என்றாள். பேச்சி சரி என்று தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

அறைக்கு வந்து ஸ்டூலில் ஏறிப் படுத்தவள், ஆறு மணிக்கு மணி அடித்தபோது எழுந்திருக்கவில்லை. ஏழு மணிக்கு ஜெசிந்தா தோளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. தூக்கம்தான். ஐந்து மாதத் தூக்கம் மொத்தமும் ஒரேயடியாக வந்து அவள்மேல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலையிலும் அவள் எழவில்லை. பத்து மணிக்கு ஹாஸ்டல் முழுவதும் பசி எடுத்தது.

நூற்றுப்பதினொரு பேரும் அதை முதலில் வயிற்றுவலி என்று நினைத்தார்கள். ஒருத்தி மயங்கி வகுப்பிலேயே சாய்ந்தாள். தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த சுகிர்தா மேடம் நடுவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஒன்பதாம் அறை வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, அதற்குத் தெம்பு இல்லை.

"எழுப்பட்டுமா? ஒரு நாலு வாய் ஊட்டி விட்டா போதும்," என்றாள் எட்டாம் அறைக்காரி ஒருத்தி.

"எழுப்ப வேண்டாம்," என்றாள் ஜெசிந்தா.

"ஒனக்குப் பசிக்கலயா?"

"பசிக்கி. அதுக்கு?"

ரிஸ்வானா கதவுக்கு அருகில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "எங்க வாப்பா இனிமே அனுப்ப மாட்டாவ ஜெசி. தட்ட எடுத்துட்டா நான் என்ன பண்ண?"

"தெரியல. நானும் என்ன பண்ணப்போறேன்னு தெரியல. ஆனா இவள எழுப்பாத."

சொல்லிவிட்டு ஜெசிந்தா குனிந்து தவழ்ந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒரு தட்டை எடுத்துப் பேரைப் படித்து நீட்டினாள். வாசலில் நின்றவள் வாங்கி அடுத்தவளிடம் கொடுக்க, அவள் அதற்கடுத்தவளிடம் கொடுக்க, தட்டுகள் கைமாறிக் கைமாறி வராந்தா வழியாக, மாடிப்படி வழியாக இறங்கிப் போயின. பேர் பேராகப் படிக்கப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தட்டோடு தட்டு உரசுகிற சத்தத்தில் பேச்சி ஒருமுறை புரண்டு படுத்தாள், கண் திறக்கவில்லை. கடைசியில் மேடத்தின் தட்டை மேடமே வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்குத் தங்கபுஷ்பம் வழக்கம்போலப் பன்னிரண்டு ஆளுக்குத்தான் ஆக்கியிருந்தாள். நூற்றுப்பதினொரு பேர் தட்டோடு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆளுக்கு நாலு கவளம் வருகிறமாதிரி அள்ளி வைத்தாள். அடுப்பில் இன்னொரு உலை ஏற்றினாள். நிறுத்திவிட்ட நாலு பேருக்கும் போன் போடச் சொன்னாள். சாப்பிட்டுப் பல மாதம் ஆனதால் சிலருக்கு வாய்க்குள் சோறு சுற்றிச் சுற்றி வந்தது, விழுங்க வரவில்லை. காரம் தாங்காமல் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.  அந்தக் கூடத்தில் நூறு பேர் மெல்லுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தவை எல்லாம் நல்லதாக நடந்தன என்று சொல்ல முடியாது. ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போன் போட்டு, மறுபடி பழையபடி அனுப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சில வீடுகளில் அனுப்பினார்கள், சில வீடுகளில் திட்டிவிட்டு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் அறையில் இரண்டு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அவர்களை அழைத்துப் போக வந்த அண்ணன்மார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துபோனார்கள். ரிஸ்வானா கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் சாயங்காலம் மூன்று மணி நேரம் நின்றாள், அதில் மெஸ் பில்லில் பாதி வந்தது, மீதிப் பாதிக்கு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வழி தேடினாள். போர்டில் பழையபடி இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ஒட்டினார்கள். பிள்ளைகள் பழையபடி ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்குள் படுத்திருந்தார்கள்.

பேச்சி அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு விழித்தாள். அறையில் யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், வெறும் தரை. சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்குள் ஏதோ சுருண்டு இழுத்தது, வலியா என்று பயந்து அழுத்திப் பார்த்தாள், பிறகு தெரிந்துகொண்டாள். மெதுவாகப் படி இறங்கி மெஸ்ஸுக்குப் போனபோது சோறு தீர்ந்திருந்தது. தங்கபுஷ்பம் இரண்டாவது உலைப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எக்கா, எனக்கு இருக்கா?" என்றாள் பேச்சி.

"ஒனக்கு மட்டுமா?"

"எனக்கு மட்டும்."

தங்கபுஷ்பம் அடிப்பிடித்த சோற்றை ஒரு தட்டில் போட்டு, தன் பங்குக்கு என்று மூடி வைத்திருந்த அப்பளத்தில் ஒன்றை ஓரத்தில் வைத்தாள். பேச்சி பிசைந்து சாப்பிட்டாள். ஏழாவது வாயில் போதும் என்று இருந்தது. ஏழு வாய்க்கே போதுமாகிவிடுகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி அம்மாவிடமிருந்து பணம் வந்தது, பக்கத்து வீட்டு மைனியின் போனிலிருந்து. மூவாயிரத்து இருநூறு. பேச்சி அந்தத் தொகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடி ரேட் கூடவில்லை. தட்டு இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அப்படியானால் இந்த இருநூறு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவைக் கூப்பிட்டாள். "சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்," என்றாள் முப்பிடாதி. "நீ?"

"சாப்ட்டேன்."

போனை வைத்ததும் பேச்சி இருநூறு ரூபாயை மைனி போனுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாம் நாள் அந்த இருநூறு திரும்பி வந்தது. பேச்சி ஒரு நாள் வைத்திருந்துவிட்டு மறுபடி அனுப்பினாள். வாரக் கடைசியில் வந்தது. இரண்டு பேரும் போனில் பேசும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பரீட்சையைப் பற்றிப் பேசினார்கள், மைனிதான் எதற்கு இப்படி அலைகிறது இந்தப் பணம் என்று ஒருநாள் கேட்டுப் பார்த்துவிட்டு, சொன்னபடி அனுப்பிக்கொண்டே இருந்தாள். பேச்சி படித்து முடிக்கும்வரை அந்த இருநூறு ரூபாய் ஊருக்கும் ஹாஸ்டலுக்குமாகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கடைசிவரை இரண்டு பேரில் ஒருத்தியும் அதைச் செலவழிக்கவில்லை.